இத்தாலியக் கூடாரத்தில் ஓர் இடியப்ப உரல்

இந்த வாரம் எனக்குக் கோபம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேநீரோடு ஆறுதலாக வாசிக்கலாம் என்று இந்தப் பக்கத்தைத் திருப்பியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார்மேல் கோபம்? முதலில் ஒரு மீசைக்காரப் பெடியன்மேல். பிறகு, நான் முகம் பார்த்திராத ஒரு கல்லூரி ஆசிரியைமேல். அதற்குப் பிறகு வந்த கோபம் இருக்கிறதே... அது இன்னும் போகவில்லை. வரிசையாகவே சொல்கிறேன்.

ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், வெக்ஸ்போர்ட்டில் என் வீட்டு பேஸ்மென்ற்றில் நிருஜா என்றொரு பிள்ளை வாடகைக்கு இருக்கிறாள். யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து ஒரு வருடமும் நாலு மாதமும் ஆகிறது. படிப்பது சமையல். ஓம், சமையல்தான். "உதைப் படிக்கவோ பிளேன் ஏறிப் போனவள்?" என்று ஊரில் அவளுடைய பெரியப்பா இன்றைக்கும் கேட்கிறாராம். அவருக்குக் கொடுக்க என்னிடம் நல்ல பதில் இருக்கிறது. ஆனால் அவர் இந்தப் பத்தியை வாசிப்பதில்லை.

இந்தத் தவணை நிருஜாவுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். ஓர் உணவுத் திருவிழாவுக்குப் போக வேண்டும். அங்கே ஒரு சமையல்காரரைப் பேட்டி காண வேண்டும். அவர் செய்யும் ஒரு பண்டத்தைப் பற்றி எழுத வேண்டும். அவருடைய பெயர், படம், செய்முறை மூன்றும் கட்டாயம். போன குளிருக்குள் காய்ச்சலில் படுத்து ஒரு பாடத்தை விட்டுவிட்டாள். இதையும் விட்டால் படிப்பு விசாவுக்கே சிக்கல் வரலாம் என்று பிள்ளைக்கு இரண்டு வாரமாக நித்திரை இல்லை.

"அன்ரி, சனிக்கிழமை வெஸ்ட் பக்கம் ஒரு இத்தாலியன் பெஸ்டிவல் நடக்குதாம். வாறியளோ? தனியப் போக ஒரு மாதிரிக் கிடக்கு."

சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. வெளியே நல்ல வெயில். இந்த ஊரில் நல்ல வெயிலை வீட்டுக்குள் இருந்து வீணாக்குகிறவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. வெளிக்கிட்டேன்.

பஸ், சப்வே, பிறகு ஸ்ட்ரீட்கார். ஒன்றேகால் மணித்தியாலம். ரொறன்ரோவில் கிழக்கிலிருந்து மேற்குக்குப் போவது என்றால் ஏதோ வேறு நாட்டுக்குப் போவது மாதிரித்தான். இறங்கியதும் உள்ளிப் பூண்டு வாசம். தெருவை இரண்டு பக்கமும் அடைத்து, பச்சை வெள்ளை சிவப்பில் கொடி கட்டி, நடுவே ஒருவர் அக்கோடியன் வாசித்துக்கொண்டிருந்தார். தள்ளுவண்டியில் குழந்தைகள், தள்ளுவண்டியில் நாய்கள். நாய்க்கு எதற்கு ஐயா தள்ளுவண்டி? அது வேறு கோபம். விடுங்கள்.

ஆகப் பெரிய வரிசை ஒரு நியோக்கிக் கடையின் முன்னால் நின்றது. நியோக்கி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உருளைக்கிழங்கை மசித்து, மா சேர்த்துக் குழைத்து, விரல் நுனியளவு உருண்டைகளாக்கி, கொதிதண்ணீரில் போட்டு எடுத்து, தக்காளி சோஸில் பிரட்டித் தருவார்கள். கூடாரத்தின் மேலே பெரிய பதாகை. அதில் ஓர் இத்தாலிய அம்மாவின் கறுப்பு வெள்ளைப் படம். 'நான்கு தலைமுறையின் கைகள்' என்று கீழே எழுதியிருந்தது.

நாற்பது நிமிடம் நின்றோம். ஒரு சின்னக் கடதாசிக் கோப்பையில் ஏழு உருண்டை தந்தார்கள். ஏழு! எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் ஒன்றை வாயில் போட்டதும்... என்னத்தைச் சொல்ல? பல்லுக்கு வேலையே இல்லை. நாலு எனக்கு, மூன்று நிருஜாவுக்கு. ஆம், நாலு எனக்குத்தான். வயதுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

முன்னால் நின்று விற்றவன்தான் அந்த மீசைக்காரப் பெடியன். முதலாளியின் மகன். மீசை நுனியை முறுக்கி மேலே விட்டிருந்தான். வருகிற எல்லோருக்கும் "சாவ், பெல்லா!" வணக்கம் அழகியே என்று அர்த்தமாம், எனக்கும் ஒன்று கிடைத்தது. நிருஜா நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் பவ்வியமாகக் கேட்டாள்.

அவன் வலது கையை நெஞ்சில் வைத்தான். "அன்போடு" என்றான்.

எந்த வகை உருளைக்கிழங்கு? நல்ல வகை. மா எவ்வளவு? மனம் சொல்லுமளவு. எவ்வளவு நேரம் குழைப்பீர்கள்? இரத்தத்தில் வருவது, நேரம் பார்ப்பதில்லை.

நிருஜாவின் பேனை ஓர் எழுத்தும் எழுதவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. அன்பு எத்தனை கிராம் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நான்கு தலைமுறையைப் பதாகையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாய், ஒரு கிழங்கின் பெயர் தெரியாதா உனக்கு? பிள்ளையின் விசா இங்கே ஊசலாடுகிறது, நீ கவிதை சொல்கிறாய்!

என் முகத்தைப் பார்த்திருப்பான் போல. குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான். உண்மையில் தனக்கு ஒன்றுமே தெரியாதாம். பின்னால் மரியோ நிற்கிறாராம், அவரைக் கேட்க வேண்டுமாம். மரியோவுக்கு எல்லாம் தெரியுமாம்.

அந்த நேரம்தான் நிருஜா என் கையைப் பிடித்து இறுக்கினாள்.

"அன்ரி... அங்கை பாருங்கோ. அந்த மேசையிலை. இடியப்ப உரல்!"

கூடாரத்தின் பின் திரை காற்றில் விலகியிருந்தது. உள்ளே நீள மேசை. மேசையின் நடுவில், மா அப்பிக்கொண்டு, சாட்சாத் எங்கள் வீட்டு இடியப்ப உரல். இரண்டு கைப்பிடி வைத்து, அடித்தட்டின் துளைகளால் மாவைப் பிழிகிற எவர்சில்வர் உரல். இத்தாலியில் இடியப்பம் அவிக்கிறார்களா என்ன?

சுற்றிப் பின்பக்கம் போனோம். நாலு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நாலு பேரும் எங்கள் ஆட்கள்! அடுப்படியில் நின்றவரின் சிவப்பு ரீசேட்டில் 'மரியோ' என்று பெயர் அட்டை. அவர் திரும்பினார்.

மரியோவாவது மண்ணாங்கட்டியாவது. அது மரியதாஸ் அண்ணை. தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் எனக்கு இரண்டு வாங்கு வரிசை முன்னால் இருக்கிறவர்.

"எட, தங்கச்சி! நீங்கள் இஞ்சை என்ன செய்யிறியள்?"

விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் பூரித்துப்போனார். கையைத் துடைத்துவிட்டு நிருஜாவுக்கு ஒரு வாளியைக் கவிழ்த்து ஆசனம் போட்டுக் கொடுத்தார். பூசையில் வாய் திறக்காத மரியதாஸ் அண்ணையா இவர் என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"கிழங்கை அவிக்கக் கூடாது பிள்ளை. அவிச்சால் தண்ணி குடிச்சிடும். தண்ணி குடிச்சால் மா கூடக் கேக்கும். மா கூடினால் ரப்பர். தோலோடை ஓவனிலை சுட வேணும். சுட்ட சூட்டோடை தோலை உரிச்சு, அந்தச் சூட்டோடையே பிழிய வேணும். கை சுடும். சுடட்டும்!"

"இடியப்ப உரல் என்னெண்டு அங்கிள் இதுக்குள்ளை வந்தது?"

"அதையேன் கேக்கிறாய்! ஒரு வெள்ளிக்கிழமை, உவையின்ரை ரெஸ்டோரன்ற் முட்டச் சனம், இவங்கடை பிழியிற சாமான் உடைஞ்சு போச்சு. வீட்டுக்கெண்டு வாங்கின புது உரல் கார் றங்குக்குள்ளை கிடந்தது. ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்து பிழிஞ்சன். பூ மாதிரி விழுந்துது. முன்னுக்கு நிக்கிற உவன்ரை தேப்பன், அவர்தான் முதலாளி, ஒரு உருண்டையை வாயிலை போட்டார். ஒண்டும் கதைக்கேல்லை. உடைஞ்சதைத் திருத்தக் குடுக்கவும் இல்லை. அண்டையிலை இருந்து உரல்தான்."

"எவ்வளவு காலமா இஞ்சை வேலை செய்யிறியள்?"

"இருபத்தேழு வருசம். மரியதாஸ் எண்டு சொல்ல அவையளுக்கு நாக்குப் பிரளேல்லை. முதல் நாளே மரியோ ஆக்கிப்போட்டினம்."

நிருஜாவின் பேனை பறந்தது. எட்டுப் பக்கம். பிள்ளையின் முகத்தில் இரண்டு வாரத்துக்குப் பிறகு இரத்தம் ஓடியது. கடைசியில் போனை எடுத்து, "அங்கிள், உரலைப் பிடிச்சுக்கொண்டு ஒருக்கா என்னைப் பாருங்கோ" என்றாள்.

அவ்வளவுதான். அண்ணையின் முகம் மாறிவிட்டது. உரலை மேசையில் வைத்தார்.

"படம் வேண்டாம் பிள்ளை. பேரும் போடாதை."

"ஏன் அங்கிள்? பேரும் படமும் இல்லாட்டி எடுக்க மாட்டினம்."

"மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கு. மார்க்கம் ரவுணிலை இருக்கிற பெடியன் பகுதி. நான் இஞ்சை அடுப்படியிலை நிக்கிறது அவையளுக்குத் தெரியாது. உது கொம்பியூட்டரிலை எங்கையாவது வந்துதெண்டால்..." நிறுத்தினார். பிறகு என்னைப் பார்த்தார். "தங்கச்சிக்குத் தெரியும். அவதானே எழுதித் தந்தவ."

ஓம். எழுதியது நான்தான்.

மூன்று மாதத்துக்கு முந்தி அண்ணையும் மனைவியும் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மகளுக்குப் பயோடேட்டா எழுத வேண்டும், நீங்கள் பத்திரிகையில் எழுதுகிற ஆள், வடிவாக எழுதுவீர்கள் என்றார்கள். புகழ்ந்தால் யாருக்குத்தான் கை ஓடாது? எழுதினேன். தகப்பன் தொழில் என்று கேட்டேன். "ரெஸ்டோரன்ற்" என்றார் அண்ணை. அந்த ஒரு சொல்தான் சொன்னார். பக்கத்தில் 'மனேஜர்' என்று போட்டது நான். ஏன் போட்டேன்? யாரும் கேட்கவில்லையே! விரல் தானாகப் போனது. எங்கள் ஆட்களுடைய பயோடேட்டாக்களைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? ஒரு கோக்கியை, அதுதான் ஒரு சமையல்காரரை, கண்டிருக்கிறீர்களா? ஊரெல்லாம் இத்தாலியன் கடை, கடையெல்லாம் எங்கள் ஆட்கள்... பயோடேட்டாவில் மட்டும் எல்லோரும் மனேஜர். அப்போ சமைக்கிறது யார்?

அண்ணை அன்றைக்கு அதை வாசித்தார். கையால் ஒருமுறை தாளைத் தடவிவிட்டு மடித்து வைத்தார். அவருக்குச் சந்தோஷம் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது ஸ்ட்ரீட்காரில் நிருஜா போனை எடுத்தாள். பெயர் போடாமல் எழுதினால் ஏற்றுக்கொள்வீர்களா, சமையல்காரர் தமிழர், இருபத்தேழு வருடமாகச் செய்கிறார் என்று ஆசிரியைக்கு ஓர் இமெயில் அனுப்பினாள்.

பதில் திங்கட்கிழமை வந்தது. இரண்டாவது கோபத்துக்கு வந்துவிட்டோம். பெயரும் படமும் இல்லாமல் ஏற்க முடியாது. சரி, அது விதி. அதற்குக் கீழே இன்னொரு வரி. 'முடிந்தால் அந்த உணவு மரபுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். கட்டுரைக்கு நம்பகத்தன்மை கூடும்.'

வாசித்துவிட்டு நான் குசினிக்குள் இரண்டு சுற்று நடந்தேன்.

நம்பகத்தன்மையா? மரபுக்குள் பிறந்தவனைத்தானே முதலில் கேட்டோம்! நெஞ்சில் கை வைத்து அன்பு என்றானே! இருபத்தேழு வருடம் கை சுடச்சுடக் கிழங்கு உரித்தவருக்கு நம்பகத்தன்மை இல்லை, மீசை முறுக்கியவனுக்கு இருக்கிறதா? அந்த அம்மா இத்தாலியன் கடையில் சாப்பிடாதவரா? அந்தக் கோப்பை எந்தக் கையால் வந்தது என்று ஒருநாளாவது குசினிப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறாரா? சத்தம் போட்டுத்தான் சொன்னேன். அடுப்பில் பால் பொங்கி ஊற்றியது.

நிருஜா மேசையில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். புதன்கிழமை மத்தியானம் கடைசி நேரம். இன்னொரு திருவிழா தேட நேரமில்லை.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. மின்னல் மாதிரி வந்தது என்று எழுதலாம். வெட்கமாக இருக்கிறது, எழுதவில்லை.

"நிருஜா, மரியோ எண்டு போடு. மரியோ எண்டால் ரீச்சருக்கும் சந்தோசம், இத்தாலியன் எண்டு நினைப்பா. படத்துக்குக் கையையும் உரலையும் மட்டும் எடு. கலியாணப் பகுதிக்கும் தெரியாது. ஒருத்தருக்கும் பிரச்சினை இல்லை."

என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு நிற்கிறேன். பிள்ளை தலையை நிமிர்த்திப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

"அன்ரி, இப்பத்தானே அந்த ரீச்சரைப் பேசினியள். குசினிக்குள்ளை எட்டிப் பாக்கேல்லை எண்டு. இப்ப நீங்களே அந்த மனிசனைத் திரும்பவும் குசினிக்குள்ளை தள்ளிக் கதவைச் சாத்தச் சொல்லுறியள்."

"அது அப்பிடியில்லை, நிருஜா..."

"வேறை எப்பிடி? ரீச்சருக்கு அவர் இத்தாலியனா இருக்க வேணும். உங்களுக்கு மனேஜரா இருக்க வேணும். அவர் செய்யிற வேலை ஒருத்தருக்கும் வேண்டாம். சாப்பாடு மட்டும் வேணும். நாலு உருண்டை நீங்கள்தானே சாப்பிட்டனீங்கள்?"

அதைச் சொல்லிக் காட்டியிருக்க வேண்டாம்.

"நான் சமையல்தான் படிக்கிறன் அன்ரி. நாளைக்கு எனக்கு ஒரு கலியாணம் பேசினால் என்னை என்னெண்டு எழுதுவியள்? மனேஜர் எண்டோ?" கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. "நீங்களும்தான். காலமை வேலைக்குப் போகேக்கை அந்த நீலச் சட்டையை ஏன் எப்பவும் ஹாண்ட்பாக்குக்குள்ளை ஒளிச்சுக்கொண்டு போறியள்? போட்டுக்கொண்டு போனால் என்ன?"

அந்த நீலச் சட்டையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அவள் கீழே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு முதலில் வந்தது கோபம். வாடகைக்கு இருக்கிற பிள்ளை, என் குசினியில் இருந்துகொண்டு, என்னையே... பத்து நிமிடம் கழித்து, கோபப்பட ஆளைத் தேடினால் அறையில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

அன்றைக்குப் பின்னேரமே மரியதாஸ் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, அந்த 'மனேஜர்' நான் போட்டது. உங்களைக் கேக்காமல் போட்டது. பெடியன் பகுதியோடை நான் கதைக்கட்டோ? உங்களுக்குச் சம்மதம் எண்டால் மட்டும்."

அந்தப் பக்கம் சட்டி பானைச் சத்தம். கடையில்தான் நின்றார்.

"மூண்டு கிழமையா அவையளிட்டையிருந்து ஒரு சத்தமும் இல்லைத் தங்கச்சி" என்றார். "முதல் துள்ளிக்கொண்டு கதைச்சவை. பயோடேட்டா போனாப் பிறகு ஒண்டும் இல்லை. உண்மை தெரிஞ்சிட்டுதோ, அதுதான் விலகுகினமோ எண்டு எனக்கு ஒரே யோசினை. மகளுக்குப் பெடியனைப் பிடிச்சிருக்கு. என்னாலை குழம்பிச்சுது எண்டு வரக் கூடாது."

"அப்ப கதைக்க வேண்டாமோ?"

யாரிடமோ அடுப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டுத் திரும்பவும் போனுக்கு வந்தார்.

"இல்லை, கதையுங்கோ. நீங்கள் எழுதினது. நீங்களே அழியுங்கோ."

செவ்வாய்க்கிழமை மார்க்கத்துக்குப் போன் எடுத்தேன். பெடியனின் தாய் றீற்றா அக்கா. கலியாண வீடுகளில் கண்டால் சிரிக்கிற பழக்கம். கணவர் அங்கே வீடு விற்று வாங்கிக் கொடுக்கிற தொழில், பெரிய கார், பஸ் நிறுத்தத்து வாங்குகளில் எல்லாம் அவருடைய சிரித்த விளம்பரப் படம். பயோடேட்டாவை அனுப்பியது மரியதாஸ் அண்ணையின் மனைவி. எழுதியது நான் என்று றீற்றா அக்காவுக்குத் தெரியாது.

"அக்கா, அந்தப் பயோடேட்டாவிலை ஒரு பிழை கிடக்கு."

"என்ன, பிள்ளைக்கு வயசு கூடவோ?"

"வயசில்லை. தகப்பன் மனேஜர் இல்லை. கோக்கி. இருபத்தேழு வருசமா இத்தாலியன் கடையிலை கோக்கி."

முடிந்தது என்று நினைத்தேன். ஒரு பிள்ளையின் கலியாணத்தை என் வாயால் கவிழ்த்துவிட்டேன்...

றீற்றா அக்கா போனை விலக்கி வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிட்டார். "இஞ்சேருங்கோ! சொல்லிப்போட்டினம்!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எங்களுக்கு உது முதலே தெரியும்" என்றார் றீற்றா அக்கா. "எங்கடை இவர் கனடாவுக்கு வந்து முதல் வேலை அந்தக் குசினியிலைதான். கோப்பை கழுவினவர். மூண்டு வருசம். அங்கை எல்லாருக்கும் இத்தாலியன் பேர்தானே, இவருக்கு பிராங்கோ. முதல் விண்டருக்கு இவரிட்டை ஜக்கெற் இல்லை. மரியதாஸ் அண்ணைதான் தன்ரை ஜக்கெற்றைக் கழட்டிக் குடுத்திட்டு ரெண்டு சுவெற்றரோடை பஸ்ஸுக்கு நிண்டவராம். இப்பவும் சொல்லுவார்."

"பிறகேன் அக்கா மூண்டு கிழமையா ஒண்டும் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? பயோடேட்டாவிலை பேரைக் கண்ட உடனை இவருக்குச் சந்தோசப் புழுகம். 'எங்கடை மரியோ அண்ணையின்ரை பிள்ளையடி' எண்டு துள்ளினார். பிறகு அடுத்த வரியைப் பாத்தார். மனேஜர் எண்டு கிடக்கு. மனிசன் அப்பிடியே இருந்திட்டுது. 'அண்ணை பொய் எழுதிற ஆளில்லை. என்ரை பஸ் ஸ்டொப் படத்தைக் கண்டு பயந்தெல்லோ எழுதியிருக்கிறார். என்னைக் கண்டு அண்ணை பயப்பிடுற அளவுக்கு நான் என்ன செய்தனான்?' எண்டு. அந்தக் கிழமை ஒழுங்காச் சாப்பிடேல்லை. பொய் சொல்லித் தொடங்குற சம்பந்தம் வேண்டாம் எண்டு ஒரு மனம், அண்ணையை விட ஏலாது எண்டு ஒரு மனம். அதாலைதான் பேசாமல் இருந்தனாங்கள்."

பிறகு கேட்டார். "உதை ஆர் எழுதிக் குடுத்தது? அவர் உப்பிடி எழுத மாட்டார்."

பொய் சொல்ல அந்த நேரமும் ஒரு வழி இருந்தது. யாரோ புரோக்கர் என்றால் முடிந்தது.

"நான்தான் அக்கா."

"நீங்களோ?" என்றார் றீற்றா அக்கா. "உங்கடை பத்தியை நாங்கள் வாரா வாரம் வாசிக்கிறனாங்கள்."

ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

கவனித்தீர்களா? அந்தக் கலியாணத்துக்குக் குறுக்கே நின்றது கோக்கி வேலை இல்லை. என்னுடைய 'மனேஜர்'. மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு சொல்லைப் போட்டு, ஒரு மனுஷனைத் தன் கைத்தொழிலைப் பார்த்தே ஒளிய வைத்து, இன்னொருவரைச் சாப்பிடாமல் இருக்க வைத்து, ஒரு பிள்ளையின் கலியாணத்தையும் நிறுத்தி... ஒரே சொல்லால்! நான் அந்த ஆசிரியையைத் திட்டினேன். அவர் எழுதியது இமெயிலில் ஒரு வரி. நான் எழுதியது ஒருவருடைய வாழ்க்கையில்.

மரியதாஸ் அண்ணையிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான். "எங்கடை பிராங்கோவோ? ஜக்கெற் இல்லாமல் வந்த பெடியனோ?" பெடியனின் பயோடேட்டாவில் இருந்த தகப்பனின் முழுப்பெயரை வைத்து அவருக்கு ஆள் பிடிபடவில்லையாம். பிறகு போனை வைத்துவிட்டார். அழுகிறார் என்று விளங்கியதால் நானும் திருப்பி எடுக்கவில்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு நிருஜா அந்தக் கடைக் குசினிக்குப் போனாள். அண்ணை புதிதாகச் சவரம் செய்து, தலை வாரி இழுத்து நின்றாராம். பெயர் அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, உரலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாராம். படத்தை எனக்குக் காட்டினாள். இருபத்தேழு வருடத்தில் அந்தக் குசினிக்குள் அவரை யாரும் எடுத்த முதல் படம் அதுதான். கீழே முழுப்பெயர். பெயருக்குப் பக்கத்தில் 'சமையல்காரர்' என்று மட்டும் போட்டிருந்தாள். கட்டுரை பன்னிரண்டு மணிக்கு முன்னம் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆசிரியை என்ன செய்தார் என்று கேட்பீர்கள். பாஸ் போட்டிருக்கிறார். நல்ல புள்ளி. நம்பகத்தன்மை பற்றி ஒரு சொல்லும் இல்லை. மன்னிப்பும் இல்லை. கீழே ஒரேயொரு கேள்வி... படத்தில் இருக்கும் அந்தக் கருவி அற்புதமாக இருக்கிறது, எங்கே வாங்கலாம்?

பாருங்கள்! உரல் வேண்டுமாம். ஸ்காபரோவில் எந்தத் தமிழ்க் கடைக்குப் போனாலும் கிடைக்கும் என்று எழுதும்படி நிருஜாவிடம் சொன்னேன். அவள் நல்ல பிள்ளை, கடை விலாசமும் சேர்த்து அனுப்பினாள். நான் என்றால் 'அன்போடு செய்வது' என்று பதில் போட்டிருப்பேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மார்க்கத்துக்காரர் பெண் பார்க்க வருகிறார்கள். பலகாரம் வேண்டாம், நியோக்கி வேண்டும் என்று பிராங்கோ சொல்லிவிட்டிருக்கிறார். பயோடேட்டாவை நான் திருத்தி அனுப்பிவிட்டேன், ஒரு சொல்லை வெட்டி ஒரு சொல்லைப் போட்டு. அரை நிமிட வேலை. இவ்வளவையும் பத்தியில் எழுதலாமா என்று எல்லோரையும் கேட்டேன். "எழுதுங்கோ, பேரைப் போட்டே எழுதுங்கோ" என்று சொன்னவர் மரியதாஸ் அண்ணைதான். "உங்கடை பேரையும் போடுங்கோ" என்றார் கூடவே. அவர் சிரிக்கவில்லை.

என் பெயர்தான் வாரா வாரம் பத்தியின் மேலே இருக்கிறதே, அவர் கேட்டது பெயருக்குப் பக்கத்தில் என் உண்மைத் தொழிலையும். அதனால், அந்த நீலச் சட்டை. பதினொரு வருடமாக இந்தப் பத்தியை எழுதுகிறேன். கலியாண வீடுகளில், கோயிலில், "என்ன வேலை செய்யிறியள்?" என்று கேட்பீர்கள். "எழுத்துத்தான்" என்று ஒரு சிரிப்போடு சொல்லிவிட்டு நழுவிவிடுவேன். நீங்களும் பெரிய மரியாதையோடு தலையை ஆட்டுவீர்கள். எழுத்து என் வீட்டில் ஒருநாளும் உலை வைத்ததில்லை. மல்வேர்ன் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை. அங்கே திங்கள் முதல் வெள்ளிவரை, தலையில் வலை போட்டுக்கொண்டு, பெல்ற்றில் வருகிற பிஸ்கட்டைப் பெட்டிக்குள் அடுக்குகிறேன். சட்டையில் என் பெயர் தைத்திருக்கிறது. இன்று காலை அதைப் போட்டுக்கொண்டே பஸ் ஏறினேன்.

பக்கத்து சீட்டில் இருந்த நம்மாள் ஒருவர் சட்டையையும் பார்த்தார், முகத்தையும் பார்த்தார், "நீங்கள் பேப்பரிலை எழுதுறவ எல்லோ?" என்றார்... ஓம் அண்ணை, அதுவும் செய்கிறேன்.